கல் வைக்கும் முன் கணக்கு



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பகுதியை அறியாத தமிழர் நம் நாட்டில் இருக்கமாட்டார்கள். அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பட்டணம் தீயினாலும் வெள்ளத்தினாலும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கடைவீடுகள் அழிந்தன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டவேண்டும் என்ற முடிவு பிறந்தது. அதற்கெனச் செங்கல் அறுத்துச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று.

அந்நாள் தொட்டு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுந்த கட்டடங்களில் நம்மவர் உழைப்பு கலந்திருக்கிறது. கல் சுமந்தார்கள், சாந்து குழைத்தார்கள், சுவர் பூசினார்கள். அவர்தம் பிள்ளைகளிலும் பேரப்பிள்ளைகளிலும் சிலர் இன்று சொந்தமாகக் குத்தகைத் தொழில் நடத்துகிறார்கள். ஆயினும் அவர்களுள் பலர் ஓரளவு வளர்ந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் ஒரே ஒரு பெரிய வேலையை எடுத்து, அதிலேயே வீழ்ந்தும் விடுகிறார்கள். இதற்குக் காரணம் என்ன? இதற்கு மாற்று என்ன? இவற்றையே இன்று சிந்திக்க இருக்கிறோம்.

நாங்கள் ஜெஞ்சாரோம் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். ஆசிரியர்களுக்கும் கட்டடத் தொழிலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். எங்கள் பள்ளிக்கு ஓர் இணைக்கட்டடம் எழுப்பியபோது கட்டடக் குழுவில் இருந்தோம். குத்தகை எடுத்தவர் எங்கள் பழைய மாணவர். பால்மரம் சீவியவரின் மகன். பூச்சு வேலையில் தொடங்கி, கடைவீடுகள் கட்டும் அளவுக்கு உயர்ந்தவர். விலையும் குறைவாகக் கொடுத்தார். எங்களுக்கு மகிழ்ச்சி.

வேலை தொடங்கி இரண்டு மாதத்தில் அது நின்றது. தூண்களை நிலத்துக்குள் அடித்து இறக்கும் பைலிங் வேலையில், அவர் எண்ணிய ஆழத்தில் கெட்டி மண் தட்டுப்படவில்லை. மேலும் மேலும் இறக்கவேண்டி வந்தது. கையிருப்பு கரைந்தது. ஏழு மாதம் எங்கள் மாணவர்கள் சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து பாடம் படித்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. வீட்டை அடகு வைத்து வேலையை முடித்துக் கொடுத்தார். தவறியது கணக்கு.

ஜெஞ்சாரோம், பந்திங், கிள்ளான் பகுதிகளின் மண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இக்கடலோரச் சமவெளியின் பெரும்பகுதி மென்மையான கடற்களிமண்ணால் ஆனது. சில இடங்களில் அக்களிமண் 20 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை செல்லும். மேலே பார்த்தால் செம்பனை செழித்து நிற்கும். கீழே பாரம் தாங்கும் வலு இராது. ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது இங்கே பழமொழி மட்டுமன்று, தொழில் விதியுமாகும்.

இதனை ஒரு வகுப்பறைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 20 லட்சம் வெள்ளிக்கு ஒரு வேலை. அதில் எதிர்பார்க்கும் லாபம் நூற்றுக்கு 5, அதாவது 1 லட்சம் வெள்ளி. மொத்தம் 120 பைல்கள். ஒவ்வொன்றும் 24 மீட்டர் இறங்கும் என்று விலை போட்டார். 30 மீட்டர் இறங்கியது. கூடுதல் 720 மீட்டர். மீட்டருக்கு 100 வெள்ளி என்றால் 72,000 வெள்ளி போயிற்று. இதனால் வேலை இரண்டு மாதம் தாமதம். இயந்திர வாடகை, காவல், சம்பளம் என மாதத்துக்கு 14,000 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு 28,000. இரண்டையும் கூட்டுங்கள். 1 லட்சம் வெள்ளி. மீதி சுழியம். கட்டடம் இன்னும் தரைக்கு மேலே வரவில்லை. லாபம் முழுதும் மண்ணுக்குள் போய்விட்டது.

இத்துடன் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சில ஒப்பந்தங்களில் பைல் எவ்வளவு இறங்கியதோ அதனை அளந்து பணம் தருவார்கள். சிலவற்றில் ஒட்டுமொத்த விலைதான். ஆழம் கூடினால் குத்தகையாளர் பாடு. இவ்விரண்டில் எது என்பது ஒப்பந்தத் தாளில் ஒரே ஒரு வரியில் இருக்கும். அந்த வரியை எங்கள் மாணவர் படிக்கவில்லை. பகலெல்லாம் வேலைத்தளத்தில் நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் சமையலறை மேசையில் உட்கார்ந்து விலை போட்டவருக்கு, அதனைப் படிக்கப் பொழுது ஏது?

இங்கேதான் நம் இன்றைய பொருள் வருகிறது. கட்டுமானத்துக்கு முந்திய பணிகள் அனைத்தையும் பொறுப்பேற்று நடத்தும் ஒருவரைப் பெரிய நிறுவனங்கள் அமர்த்திக்கொள்கின்றன. மேல்நாடுகளில் அவரைப் பிரீகன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் என்பர். நம் நாட்டில் டெண்டர் மேனேஜர் என்றோ கான்ட்ராக்ட்ஸ் மேனேஜர் என்றோ அழைப்பது வழக்கம். நாம் அவரை முன்னேற்பாட்டுத் தலைவர் என்போம்.

அவர் செய்யும் பணிகள் யாவை?

முதலாவது, எந்த வேலைக்கு விலை கொடுப்பது, எதனை விட்டுவிடுவது என்று முடிவு செய்ய உதவுவது. இரண்டாவது, வரைபடங்களையும் மண் ஆய்வறிக்கையையும் படித்து, இடத்தை நேரில் சென்று பார்ப்பது. லாரி உள்ளே போகுமா, மழைநீர் எங்கே வடியும், பக்கத்துச் சுவர் தாங்குமா என்பன வரைபடத்தில் தெரியாதவை. மூன்றாவது, கம்பி எத்தனை டன், கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என அளவெடுத்து, உள்குத்தகையாளர்களிடம் விலை கேட்டு ஒப்பிடுவது. நான்காவது, ஒப்பந்த விதிகளை ஆராய்வது. பணம் எத்தனை நாளில் வரும், ஒவ்வொரு தவணையிலும் எவ்வளவு பிடித்து வைப்பார்கள், தாமதமானால் நாளொன்றுக்கு எவ்வளவு தண்டம் என்பன இதில் அடங்கும். ஐந்தாவது, தரம் குறையாமல் செலவைக் குறைக்கும் மாற்று வழிகளை, வரைபடம் முடிவாகும் முன்பே கட்டட உரிமையாளருக்கு எடுத்துரைப்பது. ஆறாவது, வேலை கிடைத்ததும் தாம் போட்ட கணக்கை வேலைத்தள மேற்பார்வையாளரிடம் உட்கார்ந்து விளக்கி ஒப்படைப்பது. இந்த ஆறாவது பணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு கணக்கு, வேலைத்தளத்தில் ஒரு கணக்கு என்றானால் இரண்டும் பயன்படா.

பணம் தராமல் இழுத்தடிப்போரிடமிருந்து குத்தகையாளரைக் காக்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. ஆயினும் வழக்காடிப் பெறும் பணத்தைவிட, முன்கூட்டியே விதிகளைப் படித்துக் காத்துக்கொள்ளும் பணம் மேலானது.

முன்னேற்பாட்டின் அருமைக்கு நம் தலைநகரிலேயே சான்று உண்டு. 88 மாடிகளும் 452 மீட்டர் உயரமும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தை நாம் அறிவோம். அதனை எழுப்ப முதலில் குறித்த இடம் இன்று அது நிற்கும் இடமன்று. மண்ணைத் துளைத்து ஆராய்ந்தபோது, நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறை ஒருபுறம் மேலாகவும் மறுபுறம் மிக ஆழத்திலும் இருப்பது தெரிந்தது. அப்படியே கட்டியிருந்தால் கோபுரம் ஒருபக்கமாக இறங்கும் ஆபத்து இருந்தது. ஆகவே இடத்தையே ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி மாற்றினார்கள். தாளில் இருந்த கோபுரத்தை நகர்த்த ஓர் அழிப்பானும் பென்சிலும் போதும். எழும்பிய கோபுரத்தை யார் நகர்த்த வல்லார்?

இதற்கு மாறான சான்று ஆஸ்திரேலியாவின் சிட்னி ஒப்பேரா மாளிகை. உலகம் வியக்கும் கட்டடம்தான். ஆனால் அதன் கூரையை எவ்வாறு கட்டுவது என்று முடிவாகும் முன்பே, 1959-இல் அடித்தள வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பின்னர் கூரையின் பாரத்தைத் தாங்க அடித்தளத்தின் தூண்கள் போதா என்று கண்டு, அவற்றை மாற்றிக் கட்ட நேர்ந்தது. 1963-இல் முடியவேண்டிய வேலை 1973-இல் முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது 10 கோடியே 20 லட்சம் டாலராயிற்று. சிட்னி அமைந்துள்ள மாநிலத்தின் அரசாங்கம் லாட்டரி நடத்திப் பணம் திரட்டியது. நம் சிறு குத்தகையாளருக்கு எந்த லாட்டரி கைகொடுக்கும்?

சரி, இத்தகைய ஒருவரை எப்போது அமர்த்துவது? முதலாளியே இரவில் விலை போட்டு, பகலில் வேலையைக் கவனிக்க முடியாமல் திணறும்போது. ஒவ்வொரு வேலையிலும் ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வரும்போது. வரைபடம் முடியும் முன்பே ஆலோசனை கேட்கும் பெரிய வாடிக்கையாளர்கள் தேடி வரும்போது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்களாகப் பதிவு செய்கிறது. தரம் உயர உயர எடுக்கக்கூடிய வேலையின் மதிப்பும் உயரும். ஜி7-க்கு உச்சவரம்பே இல்லை. படி ஏறுமுன் இந்த ஆளைத் தேடவேண்டும். ஏறியபின் தேடினால் ஒரு நட்டத்தைக் கண்டபின் தேடுவதாக முடியும். ‘அவருக்குச் சம்பளம் மிகுதியாயிற்றே’ என்பார்கள். மேலே நாம் போட்ட கணக்கில் ஒரே வேலையில் போன 1 லட்சம் வெள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப்பட்டவரைத் தேர்வது? அளவு மதிப்பீட்டுக் கல்வி பெற்றவராயின் நன்று. நம் நாட்டில் இத்தொழிலை ஒழுங்குபடுத்த 1967-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. வேலைத்தளத்தில் சில ஆண்டுகள் வெயிலில் நின்றவராயின் இன்னும் நன்று. சான்றிதழைப் பார்ப்பதோடு நில்லாமல் ஒரு சிறு சோதனையும் வைக்கலாம். நீங்கள் முடித்துவிட்ட பழைய வேலை ஒன்றின் வரைபடத்தை, விலைகளை மறைத்துக் கொடுங்கள். அரைநாள் அவகாசம் தாருங்கள். உடனே ஒரு விலையோடு வருபவரைவிட, பத்துக் கேள்விகளோடு வருபவரே உங்களுக்கு ஏற்றவர். பின்னர், ‘இதுவரை எந்த வேலையை வேண்டாம் என்று தடுத்தீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். ‘உங்கள் கணக்கு எங்கே தவறியது?’ என்றும் கேளுங்கள். தவறியதே இல்லை என்பவரை வணங்கி அனுப்பிவிடுங்கள்.

அமர்த்திய பிறகு அவருக்கு மூன்று உரிமைகள் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை. முடிந்த வேலைகளின் உண்மையான செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை. வாடிக்கையாளரோடு நேரில் அமர்ந்து பேசும் உரிமை. இவை இல்லையேல் அவர் சம்பளம் வாங்கும் ஒரு கிராணியாகவே இருப்பார். முதல் ஆண்டில் எத்தனை டெண்டர் கிடைத்தது என்று அவரை அளக்கவேண்டாம். போட்ட கணக்குக்கும் முடிந்த செலவுக்கும் உள்ள இடைவெளி குறைந்ததா என்று பாருங்கள்.

எங்கள் பழைய மாணவர் அந்த நட்டத்துக்குப் பிறகு ஓர் இளம் பெண்ணை இப்பணிக்கு அமர்த்தினார். மூன்றாம் வாரமே, அவர் ஆசைப்பட்ட ஒரு கடைத்தொகுதி வேலையை, ‘இது வேண்டாம் அண்ணே, மண் அறிக்கையே தரவில்லை, ஒட்டுமொத்த விலை கேட்கிறார்கள்’ என்று அந்தப் பெண் தடுத்தார். ‘நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்லிக் கொடுப்பதா, சார்!’ என்று எங்களிடம் வந்து குமுறினார். ஆயினும் அந்த வேலையை விட்டுவிட்டார். அதனை எடுத்தவருக்கு லாபமா நட்டமா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே: அந்த ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகவே தொழிலாளர் அனைவருக்கும் சம்பளம் கொடுத்துவிட்டு, கடன் வாங்காமல் வீட்டுக்குப் போனார்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை அடுத்து, ஆளைத் தேர்ந்து நம்புவதைச் சொல்லும் தெரிந்துதெளிதலும், தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதைச் சொல்லும் தெரிந்துவினையாடலும் வருகின்றன. அரசனுக்குச் சொன்ன இவ்வரிசை குத்தகையாளருக்கும் பொருந்துவதைக் காணலாம்.

நிறைவாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டடத் தொழிலில் நம் பிள்ளைகளுக்குச் சாந்துச் சட்டி மட்டுமே காத்திருக்கிறது என்று எண்ணவேண்டாம். நாற்காலியும் இருக்கிறது. பரப்பளவு, கன அளவு, விழுக்காடு ஆகியவற்றை நாங்கள் தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கிறோம். அவற்றைப் பிழையறக் கற்ற பிள்ளை, பின்னர் பல்கலைக்கழகத்தில் அளவு மதிப்பீடு பயின்று, அந்த நாற்காலியில் அமரலாம். எங்கள் இணைக்கட்டடத்தின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இப்போது கன அளவுப் பாடம் நடக்கும்போதெல்லாம், காலடியில் இறங்கியிருக்கும் பைல்களையே கணக்காகக் கொடுக்கிறோம். பிள்ளைகள் விடையைச் சரியாகவே சொல்கிறார்கள்.