சினை பிடிக்காதது மாட்டின் குற்றமா?

"மூணு ஊசி போட்டாச்சு, இன்னும் நிக்கலை." கறவை மாடு வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழி முதலில் மாட்டின் மேல் விழும், பிறகு சினை ஊசி போட்டவர் மேல். வெயிலைச் சந்தேகிப்பவர்கள் குறைவு.

கணக்கு என்னவோ வெயிலுக்குத்தான் எதிராக இருக்கிறது. மாட்டுக்கு மாடு பால் அளவு வேறுபடுவதில் ஏறத்தாழ கால் பங்கு மரபிலிருந்து வருகிறது. ஆனால் சினை பிடிப்பதில் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு ஐந்து சதவீதத்தைத் தொடுவதே அரிது. மற்றதெல்லாம் தீவனம், கன்று ஈன்றபின் வரும் கருப்பை நோய்கள், பருவ அறிகுறியைச் சரியாகக் கவனித்த கண், ஊசி போட்ட கை, எல்லாவற்றுக்கும் மேலாக வெப்பம்.

மாட்டின் உடல் சூடு அரை டிகிரி, ஒரு டிகிரி கூடினாலே சினை பிடிப்பது குறைகிறது. கருவுற்ற முதல் ஓரிரு நாளில்தான் கரு மிகவும் பலவீனமானது. ஏழாம் நாளுக்குள் வெப்பத்தைத் தாங்கும் திறன் அதற்கு வந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்காவின் புளோரிடா போன்ற சூடான இடங்களில், கோடையில் சினை ஊசியைவிட ஏழு நாள் கருவை நேரடியாகக் கருப்பையில் வைக்கும் கருமாற்று முறை கூடுதல் பலன் தருகிறது. ஆபத்தான நாட்களை அந்தக் கரு வேறெங்கோ கடந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. கருமுட்டை முதிரப் பல வாரங்கள் ஆகும். கோடையில் அடிபட்ட முட்டைதான் இரண்டு மாதம் கழித்து வெளிவருகிறது. இஸ்ரேலியப் பண்ணைகளில் இலையுதிர் காலத்தில் வெயில் தணிந்த பிறகும் சினைப்பிடிப்பு குளிர்கால அளவுக்கு எழாததற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் மரபைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாமா? அது எந்தக் கட்டத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் முறையில், ஒரு பசு எத்தனை முட்டை தரும் என்பதில் மரபின் குரல் ஓங்கியே ஒலிக்கிறது. முட்டை இருப்பைக் காட்டும் ஆன்டி முல்லேரியன் ஹார்மோனின் அளவு ஹோல்ஸ்டீன் இனப் பசுக்களிடையே வேறுபடுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு மரபால் வருகிறது. குஜராத்திலிருந்து பிரேசிலுக்குப் போன கிர் மாடுகளின் சினைப்பையில் ஹோல்ஸ்டீனைவிடக் கூடுதல் முட்டைக் குமிழிகள் தென்படும். அந்நாட்டின் ஆய்வகக் கரு உற்பத்தி செழித்ததில் இந்த வரத்துக்கும் பங்குண்டு.

மரபு ஓசையில்லாமல் கெடுத்த கதையும் இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் பிறந்த 'பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப்' என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு விந்து ஊசி வழியாக 16,000 மகள்கள். பால் கொட்டிய பரம்பரை. ஆனால் அவன் உடலில் ஒரு பழுதான மரபணுவும் இருந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறும் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். பண்ணைக்காரருக்குத் தெரிவதெல்லாம் மாடு மறுபடி பருவத்துக்கு வந்தது மட்டுமே. 2011இல்தான் இது பிடிபட்டது; பிடிபட்ட விதம் அழகானது. உயிரோடிருக்கும் ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபுத் தகவலை ஆராய்ந்தவர்கள், அந்தப் பழுது இருக்கும் மரபுத் துண்டின் இரு பிரதிகளையும் கொண்ட ஒரு மாடுகூட இல்லை என்பதைக் கண்டார்கள். உலகெங்கும் சுமார் ஐந்து லட்சம் கருக்கள் இதனால் அழிந்திருக்கும் என்பது பின்னர் வந்த மதிப்பீடு. இன்று அப்பழுதைச் சுமக்கும் காளையைப் பரிசோதனையில் கண்டுபிடித்து, சுமக்கும் பசுவோடு சேராமல் தவிர்க்கலாம்.

மரபின் பங்கு சிறியதென்றால் காளைத் தேர்வு பயனற்றது என்றும் முடிவுகட்ட முடியாது. பாலை மட்டுமே பார்த்துக் காளைகளைத் தேர்ந்த பல பத்தாண்டுகளில் அமெரிக்க ஹோல்ஸ்டீனின் சினைத்திறன் சரிந்துகொண்டே போனது. 2003 முதல் மகள்கள் சினை பிடிக்கும் விகிதத்தையும் காளை மதிப்பீட்டில் சேர்த்தார்கள். அதன்பின் சரிவு நின்று மெல்லத் திரும்பியது.

பால் கூடினால் மாட்டின் உடலுக்குள் பிறக்கும் சூடும் கூடும் என்பதால், மரபையும் வெயிலையும் தனித்தனியே தீர்க்கவும் முடிவதில்லை. மரபே வெயிலைத் தாங்க உதவுவதும் உண்டு: கரீபியத் தீவுகளின் செனபோல் இன மாட்டுக்குக் குட்டையான, வழவழப்பான முடி. காரணம் ஒரே ஒரு மரபணுவின் மாற்றம். அதைப் பெற்ற ஹோல்ஸ்டீன்கள் கடும் வெயிலிலும் உடல் சூட்டைக் குறைவாக வைத்துக்கொள்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோவிலும் புளோரிடாவிலும் இந்த மாடுகளை வளர்க்கிறார்கள். விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும் வாங்க வசதியில்லாத சிறு பண்ணைக்கு இது பெரிய செய்தி. ஆனால் ஓரிரு காளைகளின் விந்தை மட்டுமே நம்பி இதைப் பரப்பினால், இன்னொரு சீஃப் உருவாக அதுவே வழியாகிவிடும்.