கத்தோலிக்கர் பிரீமேசன் கழகத்தில் சேரலாமா?

"சாமி, பெரிய மனிதர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். தான தருமம் செய்கிறார்கள். கடவுள் இல்லை என்பவரைச் சேர்ப்பதே இல்லையாம். நான் சேர்ந்தால் என்ன தவறு?" காரைக்குடியில் தொழில் நடத்தும் கத்தோலிக்கர் ஒருவர் தம் பங்குத்தந்தையிடம் இப்படிக் கேட்டால், "கூடாது" என்ற ஒரே சொல்லில் அவரை அனுப்பிவிடக் கூடாது. அவர் சொல்வதில் பாதி உண்மை. கழகத்தார் தருமம் செய்கிறார்கள். பரம்பொருள் ஒன்று உண்டென நம்புபவரையே சேர்க்கிறார்கள். ஆகவே காரணம் சொல்லியாக வேண்டும்.

பிரீமேசன் கழகம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் உருப்பெற்றது. கட்டடக் கொத்தர்களின் கருவிகளைத் தன் அடையாளங்களாக எடுத்துக்கொண்டது. ஆங்கிலேயரோடு அதே நூற்றாண்டில் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தது. ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உம்ரா 1770களில் திருச்சியில் உறுப்பினரானார். விவேகானந்தர் 1884இல் கல்கத்தாவில் சேர்ந்தார். இந்தியாவுக்கெனத் தனித் தலைமை 1961இல் ஏற்பட்டது. சென்னை எழும்பூரில் இவர்களுக்குப் பெரிய மண்டபம் இருக்கிறது. கிளையை 'லாட்ஜ்' என்பார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தங்கும் விடுதி என்று மட்டுமே பொருள் என்பதால் பலர் குழம்புவதும் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் பிரீமேசன் கழகங்கள் அல்ல. அவற்றில் இரகசியச் சடங்கோ மறைவான உறுதிமொழியோ கிடையாது. இரத்ததான முகாமுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் அவற்றோடு சேர்ந்து உழைக்கும் பொதுநிலையினர் மனக்கலக்கம் கொள்ள வேண்டியதில்லை.

பிரீமேசன் கழகத்தை 1738இல் முதலில் கண்டித்தவர் திருத்தந்தை 12ஆம் கிளமெந்து. 1884இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் இது பற்றித் தனிச் சுற்றுமடலே எழுதினார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், சேருகிறவர் திருச்சபையிலிருந்து தாமாகவே விலக்குண்டவராகிறார் என்றது. 1983ஆம் ஆண்டுப் புதிய சட்டத்திலோ கழகத்தின் பெயரே இல்லை. திருச்சபைக்கு எதிராகச் சதி செய்யும் சங்கங்கள் என்று பொதுவாக மட்டும் உள்ளது. "பார்த்தீர்களா, தடை நீங்கிவிட்டது" என்று சிலர் பேசத் தொடங்கினர். ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முந்தைய நாள், நவம்பர் 26 அன்று, கர்தினால் இராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் ஒப்புதலோடு விளக்கம் தந்தது. நிலைப்பாடு மாறவில்லை, சேருகிறவர் கனமான பாவ நிலையில் இருக்கிறார், அவர் நற்கருணை வாங்க முடியாது என்பதே அவ்விளக்கம். 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் திருத்தந்தை பிரான்சிஸின் கையொப்பத்தோடு இதே பதில்தான் வந்தது.

ஏன் இத்தனை உறுதி? உலகையே ஆட்டிவைக்கும் சதிக் கும்பல் என்றெல்லாம் இவர்களைப் பற்றிப் பரவும் கதைகளை நாம் நம்ப வேண்டியதில்லை. பரப்பினால் அது பிறருக்கு எதிரான பொய்ச்சான்று. ஜெர்மனி ஆயர்கள் 1974 முதல் 1980 வரை கழகத்தாரோடு நேரில் பேசி, முதல் மூன்று படிகளின் சடங்குகளையும் ஆராய்ந்த பிறகே 'ஒத்துப்போகாது' என்ற முடிவுக்கு வந்தார்கள்.

கழகத்தின் மேடையில் விவிலியமும் இருக்கும், கீதையும் குர்ஆனும் இருக்கும். அவரவர் நூலின்மேல் உறுதிமொழி எடுக்கலாம். சமயம் பற்றி அங்கே பேசக் கூடாது. இது சமய நல்லிணக்கம் போலத் தோன்றும். ஆனால் பிற சமயத்தாரை மதிப்பது வேறு. மனிதனை நல்லவனாக்கும் வழியில் கிறிஸ்துவையும் பலரில் ஒருவராக வைத்துவிட்டு, அதற்கும் மேலான ஒளியைப் படிப்படியாகத் தருவதாகச் சொல்லும் சடங்கில் மண்டியிடுவது வேறு. திருமுழுக்கில் நாம் பெற்ற ஒளிக்கு மேல் இன்னொரு ஒளி நமக்குத் தேவையா?

அடுத்தது அந்த உறுதிமொழி. செட்டிநாட்டு வணிகர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் உண்டியல் சீட்டை நம்பித் தொழில் செய்தவர்கள். தொகை எழுதாத சீட்டில் அவர்களில் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்களா? மேற்படிகளில் சொல்லித்தரப்படுவது என்னவென்று அறியுமுன்னே, அதைக் காப்பதாகக் கடவுள் பெயரால் ஆணையிடுவதும் அப்படிப்பட்டதே.

திருச்சபை வழி இதற்கு நேர் எதிரானது. ஓரியூரில் 1693இல் மறைசாட்சியான புனித அருளானந்தரை எண்ணிப் பாருங்கள். தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்ற நிபந்தனையைப் புனிதர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "முதலில் சேருங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று அவர் மழுப்பவில்லை. விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியின் உறவினர். புனிதரின் உயிரே அதற்கு விலையானது. தலைமைக் குரு விசாரித்தபோது நம் ஆண்டவரும், தாம் எல்லாரும் கூடும் இடங்களில் வெளிப்படையாகவே போதித்ததாகத்தான் பதில் கூறினார் (யோவான் 18:20).

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களும் நம்மிடையே இருக்கலாம். பெரும்பாலும் தொழில் தொடர்புக்காக, விவரம் தெரியாமல் சேர்ந்தவர்கள். அவர்களை ஊரறியச் சுட்டிக்காட்ட வேண்டாம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் தானியங்கு விலக்கு இப்போது நடைமுறையில் இல்லை. ஆகவே கழகத்திலிருந்து எழுத்து மூலம் விலகிவிட்டு, எந்தக் குருவிடமும் ஒப்புரவு அருளடையாளம் பெற்று மீண்டும் நற்கருணைப் பந்திக்கு வரலாம். விலகல் கடிதத்துக்கு இரண்டு வரி போதும். காரணம் எழுத வேண்டிய கட்டாயமில்லை.