குருத்துக் கலமும் கொடையறமும்

தன் கண்ணை அம்பினால் அகழ்ந்து இறைவன் கண்ணில் அப்பிய கண்ணப்பர் வரலாற்றை அறியாத தமிழர் இலர். குருடனொருவன் இரப்பத் தன் இரு கண்களையும் ஈந்த சிவி அரசன் கதையைப் பௌத்த சாதகக் கதைகள் வாயிலாகச் சிங்கள மக்களும் நன்கு அறிவர். இவ்விரு மரபுகளும் வேரூன்றிய ஈழநாட்டிலே, 1961 ஆம் ஆண்டில் மருத்துவர் ஹட்சன் சில்வா கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964 இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட கண்களோடு தொடங்கிய அயல்நாட்டுக் கொடை, பின்னர்ப் பற்பல நாடுகளுக்கும் பரந்தது. குருத்துக் கல ஆராய்ச்சி, உயிர்ப்படியாக்கம் என்னும் இன்றைய அறிவியல் துறைகளின் நன்மை தீமைகளை அளந்தறிதற்கு இக்கண்கொடையே தக்கதோர் அளவுகோலாகும்.

இறந்தார் கண்ணிலிருந்து எடுத்துப் பொருத்தப்படுவது முழுக் கண் அன்று; கருவிழியின் முன்னே பளிங்கு போல் அமைந்த படலமே. இக்கொடையாற் பயன் பெறாதாரும் உளர். வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு சிறுவர் கண்ணில் தெறித்தலாலும், தொழிற்சாலைகளில் அமிலம் பட்டும் கண் வெந்து போவதுண்டு. கருவிழியும் வெண்விழியும் கூடும் விளிம்பிலே குருத்துக் கலங்கள் உறைகின்றன. முதிர்ந்த இலைகள் உலர உலர வாழையின் உள்ளிருந்து புதுக்குருத்துத் தோன்றுவது போல, இக்கலங்கள் பிரிந்து பெருகித் தேயும் மேற்படையை இடையறாது புதுப்பிக்கின்றன. விளிம்பு வெந்தழிந்தால், வெண்விழியின் மேற்றோலும் குருதிக் குழாய்களும் பளிங்குப் படலத்தின் மீது படர்ந்து பார்வையை மறைக்கும். பிறர் படலத்தைப் பொருத்தினும், அதனைப் பேணும் கலங்கள் இன்மையின் அதுவும் நாளடைவில் மங்கும்.

இந்நோய்க்கு ஒரு வழி 1997 இல் இத்தாலியில் திறந்தது. நோயாளியின் பழுதுறாத மற்றைக் கண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, அதன் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, வெந்த கண்ணிலே பதிக்கலாம் என அங்குள்ள ஆய்வாளர் இருவரது கண்களில் செய்து காட்டினர். ஐதராபாத்திலுள்ள எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் 2001 முதல் இத்தகைய மருத்துவத்தை மேற்கொண்டது. எனினும் கலங்களை வளர்க்கும் ஆய்வுகூடம் பெரும் பொருட்செலவுடையது; ஏழை நாடுகளின் மருத்துவமனைகளுக்கு எட்டாதது. ஆகவே அந்நிலையத்து மருத்துவர் வீரேந்தர் சங்வானும் அவர்தம் குழுவினரும் 2010 இல் எளியதோர் முறையை வகுத்தனர். சிறு துணுக்கைப் பல நுண்கூறுகளாக்கி, மகப்பேற்றின்போது தாய்மார் ஈந்த பனிக்குடச் சவ்வை நோயுற்ற கண்ணின் மேல் விரித்து, அதன் மீது அவற்றைப் பதித்தனர். கலங்கள் கண்ணிலேயே வளர்ந்தன, கண்ணே ஆய்வுகூடமாயிற்று. இம்முறையால் மருத்துவம் பெற்ற 125 பேரைப் பற்றி 2016 இல் வெளிவந்த ஆய்வு, நூற்றுக்கு 76 பேருக்கு விழிமேற்படை நிலைபெற்றதெனக் கூறிற்று. வெற்றியோடு தோல்வியையும் எண்ணி உரைத்தமையால் அவ்வாய்வு நம்பத்தக்கதாயிற்று.

இங்கே ஈபவனும் ஏற்பவனும் ஒருவனே; சவ்வை ஈந்த தாயும் அறிந்தே ஈந்தாள். ஆதலின் அறத்தின்பாற்பட்ட ஐயம் எழ இடமில்லை. ஈபவர் வாய்பேச இயலாதவராயின் நிலை வேறாகும். 1998 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து குருத்துக் கலங்களைப் பிரித்தெடுத்தார். இக்கலங்கள் உடலின் எல்லா இழையங்களாகவும் மாறவல்லன. எனினும் அவற்றைப் பெறுங்கால் முளையம் அழிகின்றது. சில நாள் முளையம் வெறுங் கலத்திரளா, உயிர் புகுந்த உடலா என்னும் வினா அன்று தொட்டு நிகழ்கின்றது. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிலே கருவுற்ற முதல் திங்கள் தொட்டு உயிர் படும் இடர்களை நிரல்படக் கூறியுள்ளார். அவ்வழி வந்தோர்க்கு இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. 14 நாளுக்கு மேல் முளையத்தை ஆய்வில் வளர்க்கலாகாதென 1984 இல் பிரித்தானியாவின் வார்னொக் குழு வரையறுத்தது. பல நாடுகள் அதனைத் தழுவின. அது வினாவுக்கு விடையன்று. கருத்து வேறுபட்டோர் ஒருங்கே நிற்பதற்கு அமைத்த வேலியாகும்.

ஆளையே படியெடுத்தலில் ஐயம் இன்னும் மிகும். கருவகற்றிய சூலில் வளர்ந்த உயிரின் கலக்கருவைப் புகுத்தி 1996 இல் ஸ்கொத்லாந்தில் டொலி என்னும் செம்மறிக் குட்டியைப் பிறப்பித்தனர். அவ்வாறு ஆக்கப்பட்ட கலங்கள் 277. பிறந்து வளர்ந்தது டொலி ஒன்றே. இந்தியாவில் கர்னாலிலுள்ள தேசியப் பாலாராய்ச்சி நிலையத்தில் 2009 இல் படியாக்கத்தாற் பிறந்த முதல் எருமைக் கன்று சின்னாளே வாழ்ந்தது; அவ்வாண்டே பிறந்த கரிமா என்னும் கன்று ஏறத்தாழ இரண்டாண்டு வாழ்ந்தது. விலங்கிடத்தே பொறுக்கப்படும் இத்தோல்விகளை மானிடக் குழந்தைமீது சுமத்துதற்கு எவருக்கும் உரிமையில்லை. காந்தாரியின் மைந்தர் நூற்றுவர் குடங்களில் வளர்ந்த கதையைக் காட்டிப் படியாக்கத்தை முன்னோரே அறிந்திருந்தனர் என்பாரும் உளர். காவியக் கதையை ஆய்வுச் சான்றாக்குதல் காவியத்துக்கும் அறிவியலுக்கும் பெருமை தருவதன்று.

படியாக்கத்துக்குச் சூல் வேண்டும். சூலை ஈபவர் பெண்டிர். இதனை மறந்ததன் விளைவு கொரியாவிலே வெளிப்பட்டது. படியாக்கிய மனித முளையத்திலிருந்து குருத்துக் கலங்களைப் பெற்றதாக 2004, 2005 ஆம் ஆண்டுகளில் ஹுவாங் வூ சுக் அறிவித்தார். அச்சான்றுகள் புனையப்பட்டவை எனச் சியோல் பல்கலைக்கழக விசாரணைக் குழு 2006 இல் முடிவு கூறிற்று. 2000க்கு மேற்பட்ட சூல்கள் அம்முயற்சியிற் செலவாயின. அவரது ஆய்வுகூடத்தில் அவர்க்குக் கீழ்ப்பணிபுரிந்த பெண்களும் சூல் ஈந்திருந்தனர். மேலதிகாரியின் முன் மறுத்தல் அரிதாகிய இடத்து, இசைவு என்பது பெயரளவினதே.

அதே 2006 இல் யப்பானிய அறிஞர் சின்யா யமனாகா வேறோர் வாயிலைத் திறந்தார். எலியின் வளர்ந்த தோற் கலத்தினுள் நான்கு பரம்பரையலகுகளைச் செலுத்தி, அதனை மீண்டும் குருத்து நிலைக்குக் கொணர்ந்தார். மறு ஆண்டு மனிதக் கலத்திலும் அது நிறைவேறிற்று. முளையமும் சூலும் இன்றியே குருத்துக் கலம் கிடைத்தது. 2012 இல் அவர்க்கு நோபெற் பரிசு வழங்கப்பட்டது. அறத்தின் தடை அறிவின் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பார்க்கு இஃதொரு விடை. தடைப்பட்ட ஆறு வேறு வழி காண்பதுண்டு.

இன்னும் ஒரு சாரார் உளர், அவர் நோயாளர். எழுந்து நடவாத குழந்தையையோ நினைவிழந்த தந்தையையோ உடையோர், குருத்துக் கலம் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நிலத்தை விற்றும் பொருள் திரட்டுவர். தேறாத மருத்துவத்தை அவர்க்கு விலை கூறுதல், நம்பிக்கையை விற்றலாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஆளைப் படியெடுத்தலை விலக்கியதோடு, ஆய்வு நிலையிலுள்ள முறைகளுக்கு நோயாளரிடம் பொருள் பெறுதலையும் கண்டித்தன. இலங்கையில் மனித இழையங்களை மாற்றிப் பொருத்துதலை 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம் நெறிப்படுத்துகின்றது. சட்டம் எழுதப்பட்ட காலத்து இல்லாத ஆற்றல்கள் இன்று உள. அவற்றைத் தழுவிச் சட்டம் விரிதல் வேண்டும். அதனினும் முதன்மையாக, இது தேறிய மருத்துவமா, ஆய்வா, இதற்குப் பொருள் கேட்பது ஏன் என்று வினவும் அறிவு மக்களிடத்தே பரவுதல் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் மாணவர் தம் இல்லத்திலும் அயலிலும் ஆற்றத்தக்க தொண்டு அது.

கண்ணப்பர் கண்ணை எவரும் பறித்திலர், அவரே ஈந்தார். பறித்தலும் ஈதலும் கைக்குரிய செயலில் ஒன்றே. அறத்தில் அவை இரு துருவங்கள். குருத்துக் கலம் எவரிடமிருந்து வந்தது, அவர் அறிந்து ஈந்தாரா, அதன் பயன் ஏழைக்கும் எட்டுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் மனச்சான்றோடு விடை கூறவல்ல ஆய்வு கொடை மரபைச் சார்ந்தது. விடை கூறாது ஒழியும் ஆய்வு, எத்துணை வியத்தகு ஆற்றல் பெறினும், பறித்தலின் பாற்பட்டதே.