பந்துக்குள் நடக்கும் கணக்கு

பந்து பறந்துபோய் எதிரே நிற்கும் பிராணியை உள்ளே இழுத்துக்கொண்டு தரையில் விழுகிறது. ஒரு குலுக்கல். இன்னொன்று. மூன்றாவது. பிறகு 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். இல்லையென்றால் திறந்துகொண்டு பிராணி வெளியே குதித்துவிடும். கேம் பாய் கருவியில் போக்கிமான் ஆடியவர்களுக்கு இந்தச் சில நொடிகள் எவ்வளவு நீளமானவை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: பட்டனை அழுத்திப் பிடித்தார்கள். சிலருக்கு ஏ பட்டன், சிலருக்கு பி பட்டன். கீழ்நோக்கிய அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால்தான் பலிக்கும் என்று ஒரு கட்சி, குலுங்கும் தாளத்துக்குத் தட்ட வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஆட்டத்தோடு வந்த கையேட்டில் இப்படி ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் சேதி பரவியது.

பட்டன் ஒன்றும் செய்வதில்லை. பந்து குலுங்கத் தொடங்கும் முன்பே முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் முழுக்க ஏமாந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. பட்டனில் விஷயம் இருக்கத்தான் செய்தது. அவர்கள் தேடிய இடம்தான் வேறு.

இந்த ஆட்டத்தின் வேர் ஒரு சிறுவனின் பூச்சி வேட்டையில் இருக்கிறது. சடோஷி தாஜிரி 1965இல் பிறந்தவர், தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். ஜப்பானியப் பிள்ளைகள் வண்டு பிடிக்க மரப்பட்டையில் தேன் தடவி வைப்பார்கள். தாஜிரி வேறு வழி கண்டார். பகலில் வண்டுகள் கல்லுக்கடியில் தூங்கும் என்பதைக் கவனித்து, மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுவைத்து, காலையில் வந்து புரட்டிப் பார்ப்பார். வயலும் குட்டையும் கட்டடங்களாக மாற, பூச்சிகள் காணாமல் போயின. பிற்பாடு இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்துபோவதுபோல் அவருக்குத் தோன்றியதாம். 1996 பிப்ரவரி 27இல் 'சிவப்பு', 'பச்சை' என்று இரண்டு பதிப்புகளாக ஜப்பானில் ஆட்டம் வெளியானது.

(பூச்சியை இழந்தவர் உருவாக்கிய ஆட்டம் என்ன செய்தது என்பதை 2002இல் ஆண்ட்ரூ பாம்ஃபர்டும் சகாக்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பிரிட்டன் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் உள்நாட்டுச் செடி, பிராணிப் படங்களையும் போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டார்கள். எட்டு வயதில் இயற்கைப் படங்களில் பாதிக்குச் சற்று மேல் சரியாகச் சொன்னார்கள். போக்கிமான்களில் 78 சதவீதம். இதில் ஆட்டத்தைத் திட்டுவதற்கு எதுவும் இருப்பதாக எனக்குப் படவில்லை. பிள்ளை மூளைக்கு உயிரினங்களை வகைபிரித்து நினைவில் வைக்கும் ஆற்றல் அபாரம். அதற்குத் தீனி யார் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.)

சரி, பந்து விழுந்ததும் என்ன நடக்கிறது? ஒவ்வொரு இனத்துக்கும் 3 முதல் 255 வரை ஒரு 'பிடிபடும் எண்' உண்டு. தெருவில் திரியும் புறா போன்ற பிட்ஜிக்கு 255. குகைக்குள் ஒளிந்திருக்கும் மியூடூவுக்கு வெறும் 3. பிராணியின் உயிர்ப்புள்ளி குறையக் குறைய இந்த எண் முழுமையாகக் கைக்கு வரும். காயமே படாமல் நின்றால் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும். தூங்கவைத்தால் இரண்டு மடங்கு, விஷமோ வாதமோ தாக்கியிருந்தால் ஒன்றரை மடங்கு. உசத்தியான பந்துக்குத் தனிப் பெருக்கம். எல்லாம் சேர்ந்து வரும் தொகையை 255ஆல் வகுத்தால் வாய்ப்பு தெரிந்துவிடும். 2004இல் வந்த 'ஃபயர்ரெட்' பதிப்பின் சூத்திரம் இது.

மியூடூவை எடுத்துக்கொள்வோம். முழு உயிரோடு இருக்கும்போது சாதாரணப் பந்தை எறிந்தால் வாய்ப்பு 255இல் 1. ஆயிரம் பந்து எறிந்தால் நான்கு முறை மாட்டலாம். அடித்து அடித்து ஒரே ஒரு உயிர்ப்புள்ளியில் நிறுத்தி, தூங்கவும் வைத்து, இரட்டைப் பெருக்கமுள்ள அல்ட்ரா பாலை எறிந்தால் தொகை ஏறத்தாழ 12, அதாவது 4.7 சதவீதம். இருபது பந்து கையிலிருந்தால் பிடிப்பதற்கு 62 சதவீத வாய்ப்பு. ஒரு அடி கூடுதலாக விழுந்து மியூடூ மயங்கிவிட்டால் ஆட்டமே போச்சு. ஆகவே இங்கே திறமை என்பது அளவாக அடிப்பது. வேட்டைக்காரன் கொல்லாமல் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் மிக அழகான விதி இதுதான் என்பேன்.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது? மொத்த வாய்ப்பை ஒரே சோதனையாக வைக்காமல், நான்கு சமமான சோதனைகளாக உடைத்துவிட்டார்கள். நான்கிலும் தேறினால்தான் கிளிக். தேறிய சோதனைகளின் எண்ணிக்கைதான் திரையில் குலுக்கலாகத் தெரிகிறது. மியூடூவின் 4.7 சதவீதத்தை நான்காக உடைத்தால் ஒவ்வொரு சோதனையிலும் தேறும் வாய்ப்பு சுமார் 47 சதவீதம். நூறு பந்துகளுக்குக் கணக்குப் போட்டால், 53 உடனே திறந்துகொள்ளும். ஒரு குலுக்கலுக்குப் பின் 25, இரண்டுக்குப் பின் கிட்டத்தட்ட 12. மூன்று முறையும் குலுங்கி, மனசை ஏற்றிவிட்டு, கடைசியில் திறந்துகொள்பவை ஐந்துக்குச் சற்று மேல். உண்மையில் பிடிபடுபவை ஐந்துக்குச் சற்றுக் கீழ்.

இந்தக் கடைசி இரண்டு எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். 'அய்யோ, மாட்டியிருக்குமே!' என்று கத்தவைக்கும் தருணம், மாட்டும் தருணத்தைவிட அதிகமாகவே வருகிறது. நூலிழையில் தவறுவது மனிதனை என்ன செய்கிறது என்பதை லூக் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் 2009இல் 'நியூரான்' இதழில் காட்டினார்கள். சூதாட்ட இயந்திரம் போன்ற ஒன்றை ஆடவிட்டு மூளையைப் படம்பிடித்தார்கள். நூலிழையில் தவறியவர்கள் அது பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது. வெற்றிக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகளும் துடித்தன. அடுத்த பந்தின் வாய்ப்பு அதே 4.7தான். மூன்று குலுக்கல் அதற்கு எந்தச் சலுகையும் தருவதில்லை.

அப்போதுதான் விரல் பட்டனுக்குப் போகிறது. 1948இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி ஏற்பாடு செய்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா தீனிக்காக வட்டமடிக்கத் தொடங்கியது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையில் தலையை முட்டியது. தீனி விழுந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததை அவை காரணமாக எடுத்துக்கொண்டன. தாயக்கட்டையை உள்ளங்கையில் உரசி, வேண்டிக்கொண்டு உருட்டும் பாட்டிக்கும் அழுத்திய பட்டனை விடாத பிள்ளைக்கும் அந்தப் புறா ஒருவகையில் சொந்தம்.

இப்போது பட்டனின் உண்மையான இடத்துக்கு வருவோம். கணினிக்குத் தாயம் உருட்டத் தெரியாது. 'எதேச்சையான' எண் வேண்டுமென்றால் அது கணக்குப் போட்டுத்தான் தயாரிக்க வேண்டும். ஃபயர்ரெட் காலத்து ஆட்டங்களில் அந்தக் கணக்கு ஒரே வரி: முந்தைய எண்ணை 1,103,515,245ஆல் பெருக்கு, 24,691ஐக் கூட்டு, 32 பிட்டுக்கு மேல் வழிவதை வெட்டிவிடு. வருவது புதிய எண். அதிலிருந்து அடுத்தது. பார்வைக்குத் தாறுமாறாகத் தெரியும். உள்ளே எல்லாம் முன்கூட்டியே வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 429 கோடிக்கு மேல் எண்கள், பிறகு மறுபடி முதலிலிருந்து. திரை வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படும். அதோடு சேர்ந்து வரிசையும் நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் எந்தக் கணத்தில் பட்டனை அழுத்துகிறீர்களோ, அந்தக் கணத்தில் வரிசையில் நிற்கும் எண்தான் உங்கள் தலையெழுத்து.

அப்படியென்றால், குலுங்கும்போது அழுத்தியவர்கள் சற்றுப் பிந்திவிட்டார்கள். பந்தை எறிய அழுத்தினார்களே, அந்த அழுத்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

2004இல் வந்த 'எமரால்ட்' பதிப்பில் இது வேடிக்கையான உச்சத்தைத் தொட்டது. இந்த வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றியாக வேண்டும். எமரால்டில் அது விட்டுப்போயிற்று. கருவியை எப்போது போட்டாலும் வரிசை பூஜ்யத்திலிருந்தே தொடங்கும். ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்ததும் கடிகாரத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். இத்தனையாவது எண்ணில் விரும்பிய பிராணி வரும், அது கருவியைப் போட்டு இத்தனை நிமிடம் இத்தனை நொடியில் என்று கணக்கிட்டு, வினாடியில் அறுபதில் ஒரு பங்கு பிசகாமல் பட்டனை அழுத்தப் பழகினார்கள். ஏமாற்றுக் கருவி எதுவும் இல்லை. விரலும் பொறுமையும் மட்டும்.

அவர்கள் பெரும்பாலும் தேடியது 'ஷைனி' எனப்படும் நிறம் மாறிய அபூர்வப் பிராணிகளை. ஆட்டக்காரரின் அடையாள எண்களையும் பிராணியின் பிறப்பு எண்ணையும் கலந்தால் 65,536 விடைகளில் ஒன்று வரும்; அது 8க்குக் கீழே இருந்தால் நிறம் மாறும். 8,192இல் ஒரு வாய்ப்பு. 8,192 பிராணிகளைப் பார்த்தால் ஒன்று நிச்சயம் என்று நம்பி உட்கார்ந்தவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி: அத்தனை பார்த்த பிறகும் நூற்றில் 37 பேர் வெறுங்கையோடுதான் இருப்பார்கள். 2013இல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில் 8ஐ 16 ஆக்கி வாய்ப்பை இரட்டிப்பாக்கினார்கள்.

ஒன்றைப் பிடிப்பது இப்படியென்றால், எல்லாவற்றையும் சேர்ப்பது வேறு கணக்கு. முதல் பதிப்புகளின் 151 இனங்களும் சம வாய்ப்போடு எதிர்ப்படுகின்றன என்று வைத்துக்கொண்டால், முழுத் தொகுப்புக்குச் சராசரியாக 845 பிராணிகளைச் சந்திக்க வேண்டும். கடைசி ஒன்றுக்காக மட்டும் 151 சந்திப்புகள் போய்விடும். பழைய தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கு இந்த இழுவை தெரியும். தாஜிரி குழு இதை அதிர்ஷ்டத்தின் கையில் விடவில்லை. சிவப்புப் பதிப்பில் இருக்கும் சில பிராணிகள் பச்சையில் வரவே வராது, பச்சையில் இருப்பவை சிவப்பில் வராது. கிராவ்லர் போன்ற சில, கேபிள் வழியாக இன்னொருவர் கைக்குப் போனால்தான் அடுத்த உருவம் எடுக்கும். எவ்வளவு நாள் ஆடினாலும் தனியாளாக முடிக்க முடியாது. நண்பன் வேண்டும், அவனிடம் மற்றப் பதிப்பு வேண்டும். வியாபாரத் தந்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து ஆடும் ஒரு கருவியைக் கொண்டு பிள்ளைகளை ஒருவரையொருவர் தேடிப்போக வைத்த தந்திரம்.

151ஆவது பிராணியின் கதை தனி. ஆட்டம் ஏறத்தாழ முடிந்து, பிழைதிருத்தக் கருவிகளை நீக்கியபோது அட்டையில் 300 பைட் இடம் மிஞ்சியது. நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ அதில் மியூ என்ற பிராணியை நுழைத்துவிட்டார். முறையாக விளையாடி அதை அடைய வழியே கிடையாது. ஆனாலும் வதந்தி கிளம்பியது. 'கொரோகொரோ' என்ற சிறுவர் இதழ் இருபது பேருக்கு மியூவைத் தருவதாக அறிவித்தபோது 78,000 விண்ணப்பங்கள் வந்தன. இன்று இனங்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2019இல் வந்த பதிப்புகளிலிருந்து, எல்லா இனங்களையும் ஒரே ஆட்டத்தில் வைப்பதை ஆட்டத்தைத் தயாரிக்கும் நிறுவனமே நிறுத்திக்கொண்டது. ரசிகர்கள் கொதித்தார்கள், கோபத்தோடே வாங்கவும் வாங்கினார்கள்.