தண்ணீரே படாத மரத்தோணி! தெரியுமா?

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒரு குளிர்காலம் முழுக்கக் கார் ஷெட்டுக்குள் குனிந்து நிமிர்ந்து, தனக்கென்று ஒரு தோணியைத் தானே செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். செடார் மரத்தை மெல்லிசாக அறுத்த பட்டைகளை ஒட்டிச் செய்யும் ‘கேனோ’ அது. கடைசிப் பட்டையும் ஒட்டியானதும் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், “தோணி ரெடியா?” என்பார். செய்தவருக்குச் சிரிப்புதான் வரும். பாதிக் கிணறுதானே தாண்டியிருக்கிறார்! மீதி வேலை முழுக்கக் கண்ணுக்கே தெரியாத வேலை. அதில் எத்தனை வேடிக்கை இருக்கிறது தெரியுமா?

பெயர்தான் செடார்!

இமயமலையின் தேவதாரு அசல் செடார் இனம். கேனோவுக்குப் பெரிதும் பிடித்தமான ‘மேற்குச் செஞ்செடார்’ அந்த இனமே அல்ல. அது சைப்ரஸ் குடும்பத்து மரம்! கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு அதுவே மாகாண மரம். அங்குள்ள ஹைடா பழங்குடிகள் ஒற்றைச் செடார் மரத்தைக் குடைந்தே கடலோடும் தோணி செய்தவர்கள். 1986-இல் பில் ரீட் என்ற ஹைடா கலைஞரின் தலைமையில் அப்படி உருவான ‘லூ டாஸ்’ தோணியின் நீளம் சுமார் 15 மீட்டர். அம்மாடி!

விலா எலும்பே கிடையாது!

பலகையால் கட்டிய பழைய மரத்தோணிகளுக்கு உள்ளே வரிசையாக விலாக்கட்டைகள் உண்டு. இந்தப் பட்டைத் தோணிக்கு ஒன்றுகூட இல்லை! 6 மில்லிமீட்டர் தடிமனில் அறுபது, எழுபது பட்டைகள். ஒன்றின் விளிம்பு குவிந்திருக்கும், அடுத்ததன் விளிம்பு குழிந்திருக்கும்; ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும். பிறகு உள்ளேயும் வெளியேயும் கண்ணாடி இழைத் துணி போர்த்தி எப்பாக்ஸி என்ற பிசினை ஊற்றுவார்கள். இரண்டு கண்ணாடித் தோல்களுக்கு நடுவே மரம்! அந்த அடுக்குதான் விலா எலும்பின் வேலையைச் செய்கிறது.

பென்சிலால் கிறுக்கினால் படகு வழவழப்பாகும்!

உப்புத்தாள் போடும் முன் படகு முழுக்கப் பென்சிலால் கிறுக்கி வைப்பார்கள். தேய்த்த பிறகும் எங்கே கிறுக்கல் மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம்! விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் வேடிக்கை. பகலில் சமமாகத் தெரிந்த மரத்தில் அலை அலையாக நிழல் விழும். ஆனால் ஒன்று, மாஸ்க் இல்லாமல் தேய்க்கவே கூடாது. செஞ்செடாரில் உள்ள பிளிகாடிக் அமிலம், அந்தத் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடும்.

முடிக்கும் முன்பே முடிவைப் பார்க்கலாம்!

தேய்த்து முடித்த மரத்தை ஈரத்துணியால் துடைப்பார்கள். அமுங்கிய இடம் ஈரம் குடித்து உப்பி மேலே வரும். படுத்திருந்த இழைகள் சிலிர்த்து எழும். உலர்ந்ததும் ஒரு தேய்ப்பில் அவையும் காலி. அதைவிட ஆச்சரியம், ஈரம் பட்ட அந்த ஒரு நிமிடம் தேன் நிறமும் காப்பி நிறமும் பளீரென்று தெரியும். வார்னிஷ் அடித்த படகு எப்படி இருக்கும் என்பதற்கு முன்னோட்டம் அது!

வெள்ளைத் துணி மாயமாகும்!

கண்ணாடித் துணியை விரித்ததும் படகு வெள்ளைப் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். இத்தனை அழகான மரத்தை மூடிவிட்டோமே என்று புதியவர்கள் பதறிப்போவார்கள். எப்பாக்ஸியை ஊற்றிப் பிளாஸ்டிக் தகட்டால் இழுக்க இழுக்க, துணி காணாமல் போகும்! பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடிபோல் ஆகிறதே, அதே கதைதான். இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி சிதறும், வெள்ளையாகத் தெரியும். எப்பாக்ஸி, கண்ணாடி இழை இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய 1.55. அதனால் ஒளிக்கு இரண்டும் ஒன்றே!

மரம் ஏப்பம் விடும்!

காலையில் எப்பாக்ஸி பூசினால் என்ன ஆகும் தெரியுமா? வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். பூச்சு முழுக்கக் கொப்புளம்! கைதேர்ந்தவர்கள் ஷெட்டை முதலில் நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஹீட்டரை அணைத்த பிறகே கலவையைக் கையில் எடுப்பார்கள். மரம் குளிரக் குளிர உள்ளே காற்று சுருங்கும். எப்பாக்ஸியைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்!

கிண்ணத்தில் விட்டால் புகை வரும்!

இரண்டு ட்யூப் கலந்து ஒட்டுகிற அரால்டைட்டும் எப்பாக்ஸிதான். இறுகும்போது அது சூட்டை வெளிவிடும். கலந்ததைக் கிண்ணத்திலேயே விட்டுவைத்தால் கொதிகொதித்துப் புகையே கிளம்பும். அகலத் தட்டில் பரப்பி வைத்தால் பிழைத்தோம். சீக்கிரம் காயட்டும் என்று, இறுகவைக்கும் ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவதும் வீண். சொன்ன விகிதம் தப்பினால் சரியாக இறுகவே இறுகாது.

எப்பாக்ஸிக்கும் வியர்க்கும்!

பல வகை எப்பாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு போன்ற பிசுபிசுப்பு படியும். அதன்மேல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், வார்னிஷ் அடித்தால் காயாமல் அடம்பிடிக்கும். மருந்து என்ன தெரியுமா? பச்சைத் தண்ணீரும் தேய்க்கிற நாரும். பாத்திரம் கழுவுகிற மாதிரி படகைக் கழுவினால் போதும்!

வார்னிஷ் தண்ணீருக்காக அல்ல, வெயிலுக்காக!

தண்ணீரை எப்பாக்ஸியும் கண்ணாடித் துணியுமே தடுத்துவிடும். அப்படியானால் எதற்கு மூன்று நான்கு கை வார்னிஷ்? எப்பாக்ஸிக்குச் சூரியன்தான் எமன்! புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகி, வெளிறி, மாவாக உதிரும். வார்னிஷில் கலந்த வடிகட்டிகள் அந்தக் கதிரைத் தடுக்கின்றன. படகுக்கு சன்ஸ்கிரீன்! அதற்கு ‘ஸ்பார்’ வார்னிஷ் என்று பெயர் வந்ததும் ஒரு கதை. ஸ்பார் என்றால் பாய்க்கப்பலில் பாயைத் தாங்கும் கம்பங்கள். காற்றில் அவை வளையும்போது கூடவே வளைந்தும் வெடிக்காத பூச்சு இது. வார்னிஷ் அடிக்கும் நாளில் தூசி எழாமல் இருக்க, நாம் வாசல் தெளிப்பதுபோல ஷெட் தரையில் தண்ணீர் தெளிக்கிறவர்களும் உண்டு!

துடைத்த துணி தானே தீப்பிடிக்கும்!

ஆஷ் மரத்தில் செய்த விளிம்புக்கட்டைக்குச் சிலர் வார்னிஷுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் போச்சு! எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து சூடேறி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வெளியே விரித்து உலர்த்த வேண்டும். இல்லையேல் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

ஓர் அரிசி மூட்டைதான் எடை!

ஐந்து மீட்டர் நீளம், இரண்டு பேர் ஏறலாம், மூட்டை முடிச்சும் ஏற்றலாம். படகின் எடை? சுமார் 25 கிலோ! நடுவே தோளில் பொருந்துமாறு செதுக்கிய நுகக்கட்டை. ஓர் ஏரி முடிந்ததும் படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் ஏற்றி, ஒற்றை ஆளாக அடுத்த ஏரிக்கு நடந்துவிடலாம்.

ஒரு புத்தகமும் ஓர் ஊரும்!

டெட் மூர்ஸ் 1983-இல் வெளியிட்ட ‘கேனோகிராஃப்ட்’ புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே வீட்டில் தோணி கட்டியவர்கள் ஏராளம். பட்டைத் தோணிக்குப் 19-ஆம் நூற்றாண்டிலேயே பேர்போன ஊர் ஒன்டாரியோவின் பீட்டர்பரோ. அங்குள்ள கனடியக் கேனோ அருங்காட்சியகத்தில் 600-க்கும் மேற்பட்ட தோணிகள் உண்டு!

கடைசி அதிசயம், முதல் கீறல்!

இத்தனையும் முடித்து ஏரியில் இறக்கிய முதல் நாளே, கரையில் ஒரு கூழாங்கல் சர்ரென்று கோடு போடும். நெஞ்சு பதறும்! தோணியை மறுபடி தண்ணீரில் தள்ளிப் பாருங்கள், வெள்ளைக் கோடு மறைந்துவிடும். கரையேறி உலர்ந்தால் திரும்ப வரும். அதே பஜ்ஜிக் காகித வித்தை! கோடு பெரும்பாலும் வார்னிஷோடு நின்றிருக்கும். ஒரு கை பூசினால் சரி. அதற்கடியில் எப்பாக்ஸி, அதற்கடியில் மாயமான துணி. எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் செடார், ஏரியில் மிதந்துகொண்டே இன்னும் நனையாமல் இருக்கிறது!