இல்லாத ஊரின் வானொலி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திங்கள்கிழமை இரவு பத்து மணிக்கு அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ ஓடும். 1990 ஜூலையில், கோடைக்காலத்தை நிரப்ப எட்டே அத்தியாயங்களுக்கு என்று ஆரம்பித்த தொடர் அது. 1995 ஜூலை வரை 110 அத்தியாயங்கள் நின்றது. 1992-ல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதையும் வாங்கியது. கதை எளிது. நியூயார்க்கின் இளம் மருத்துவர் ஒருவர், தன் படிப்புச் செலவை ஏற்ற அலாஸ்கா மாநிலத்துக்குக் கடன் கழிக்க, சிஸ்லி என்ற சின்னஞ்சிறு ஊருக்கு வேண்டாவெறுப்பாக வந்து சேர்கிறார். அப்படி ஓர் ஊர் அலாஸ்காவில் கிடையாது. படம் பிடித்ததெல்லாம் வாஷிங்டன் மாநிலத்தில் ராஸ்லின் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில்.

சிஸ்லியில் ஒரு வானொலி உண்டு. பெயர் கே-பி-எச்-ஆர். தெருவைப் பார்த்த கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் கிறிஸ் என்ற இளைஞன் உட்கார்ந்திருப்பான். சிறைக்குப் போய் வந்தவன். காலையில் வால்ட் விட்மன் கவிதையை வாசிப்பான், கார்ல் யுங் பற்றிப் பேசுவான், நடுநடுவே தோன்றிய பாட்டைப் போடுவான். அந்த ஊரில் வேறு நிலையம் இல்லை என்பதால் மீன் பிடிப்பவரும் மளிகைக்கடைக்காரரும் மதுக்கடையில் குந்தியிருப்பவரும் ஒரே பாட்டைத்தான் கேட்டாக வேண்டும். தொடரின் இரண்டாவது அத்தியாயத்திலேயே இது கதையாகிறது. விட்மனைப் பற்றிக் கிறிஸ் சொன்ன ஒன்று நிலையத்தின் முதலாளியான மோரிஸுக்குப் பிடிக்காமல் போகிறது. கிறிஸை வெளியே தள்ளிவிட்டு அவரே ஒலிவாங்கியைப் பிடிக்கிறார். தனக்குப் பிடித்த பிராட்வே மேடைப் பாட்டுகளாகவே போட்டுத் தள்ளுகிறார். ஊர் தாங்கவில்லை. கடைசியில் கிறிஸ் திரும்பி வருகிறான்.

தொடரின் இசை முழுவதற்கும் திறவுகோல் இந்த வானொலிதான். மற்ற தொடர்களில் ஒரு பாட்டு பின்னால் கேட்டால், அதை யார் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிஸ்லியில் அதைப் போடுவதற்கு ஓர் ஆள் இருந்தான். மதுக்கடையில் ஒரு ஜூக்பாக்ஸும் இருந்தது. அதனால் எந்த நாட்டு, எந்தக் காலத்துப் பாட்டும் அந்த ஊருக்குள் நுழையலாம். கதைக்கு வெளியே இருந்து திணித்த உணர்வு வராது. ஒரு அத்தியாயத்தில் கிறிஸ் பிரம்மாண்டமான கவண் ஒன்றைக் கட்டி, எரிந்துபோன வீட்டில் மிஞ்சிய பியானோவை வானத்தில் எறிகிறான். அது சுழன்று பறக்கும்போது கேட்பது யோகான் ஸ்ட்ராஸின் ‘புளூ டான்யூப்’ வால்ட்ஸ். பனிக்காட்டு ஊரின் மேலே வியன்னாவின் நடன இசை. பார்த்தவர்களால் அந்தக் காட்சியை மறக்க முடியாது.

1992-ல் எம்சிஏ நிறுவனம் இந்தத் தொடரின் ஆல்பத்தை வெளியிட்டது. நமக்குப் படப்பாட்டு ஆல்பம் என்றால் ஒரே இசையமைப்பாளர் அந்தக் கதைக்கென்றே போட்ட பாட்டுகள். இது அப்படியல்ல. தொடரின் இசையமைப்பாளர் டேவிட் ஷ்வார்ட்ஸின் முகப்பிசையும் வேறு சில துண்டுகளும் அதில் உண்டு. மற்றவையெல்லாம் ஏற்கெனவே உலகில் இருந்த பாட்டுகள், தொடருக்குள் ஒலித்தவை. எல்லாம் சேர்த்து மொத்தம் 12.

கனடாவின் டேனியல் லானுவா பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பாடிய ‘ஜோலி லூயிஸ்’ அதில் இருக்கிறது. யூ2 குழுவின் ‘ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தை பிரையன் ஈனோவோடு சேர்ந்து தயாரித்தவர் இதே லானுவாதான். மெம்ஃபிஸ் நகரத்து புக்கர் டி குழு 1967-ல் வாசித்த, சொற்களே இல்லாத சோல் இசை இருக்கிறது. எட்டா ஜேம்ஸின் ‘அட் லாஸ்ட்’ இருக்கிறது. பாடகி மிஷெல் ஷாக்ட் இருக்கிறார். பிரான்சின் மேகசின் 60 குழு எண்பதுகளில் நடன அரங்குகளுக்காகப் போட்ட ‘தோன் கிஷோத்’ இருக்கிறது. சிந்தசைசர் துள்ளலான அந்தப் பாட்டை வேறெந்த ஆல்பத்திலும் எட்டா ஜேம்ஸுக்குச் சில பாட்டு தள்ளி யாரும் உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

ஆல்பத்தின் கடைசிப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தென்னாப்பிரிக்காவின் மிரியம் மக்கேபா பாடுகிறார். நிறவெறி அரசு 1960-ல் அவருடைய கடவுச்சீட்டை ரத்து செய்தது. தாயின் இறுதிச் சடங்குக்குக் கூட ஊர் திரும்ப முடியாமல் முப்பது ஆண்டுகள் அலைந்தவர். இந்தத் தொடர் தொடங்கிய அதே 1990-ல்தான் அவரால் நாடு திரும்ப முடிந்தது. அவருக்கு அடுத்து லினர்ட் ஸ்கினர்ட், 1973-ல் பதிவான தெற்கத்தி ராக். அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியை மேடையில் பின்னால் விரித்துப் பாடிய குழு அது. அதற்கும் அடுத்து ‘பைலேரோ’. பிரான்சின் மலைநாட்டு இடையர்கள் ஆக்ஸிதான் மொழியில் பள்ளத்தாக்கின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கூவிப் பாடிய பாட்டு அது. ஜோசஃப் கான்டலூப் அதைத் திரட்டி இசைக்குழுவுக்காக எழுதினார். ஓபரா பாடகி ஃபிரெடரிக்கா வான் ஷ்டாட் அதைப் பாடுகிறார்.

மக்கேபா, ஸ்கினர்ட், இடையர் பாட்டு. இந்த மூன்றையும் அன்றைய கடையில் தனித்தனியாகத் தேடிப் போனால் மூன்று வேறு அலமாரிகளில் கிடைக்கும். ஒன்றைத் தேடி வந்தவர் மற்ற இரண்டின் பக்கம் தலையைத் திருப்ப மாட்டார். கலவை என்றால் கண்டதைக் கொட்டுவது என்ற நினைப்பு பலருக்கு உண்டு. இந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒரே வானொலியைக் கேட்கிறார்கள், அந்த ஊரில் பழங்குடிப் பெண்ணும் இருக்கிறாள், தெற்கத்தி மனிதனும் இருக்கிறான், நியூயார்க்காரரும் இருக்கிறார் என்ற தொடரின் நம்பிக்கை முழுவதும் அந்தப் பாட்டு வரிசையில் இருக்கிறது.

அன்று ஒரு தொடரில் கேட்ட பாட்டு எது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. அத்தியாய முடிவில் எழுத்துகள் ஓடி மறைந்துவிடும். பாட்டில் பிடிபட்ட இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் முணுமுணுத்துக் காட்ட வேண்டும். இடையர் பாட்டென்றால் அதுவும் முடியாது, மொழியே தெரியாதே! ஆகவே ஆல்பம் வந்தபோது அது வெறும் நினைவுப்பொருளாக வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த பெயரில்லாத ராகங்களுக்குப் பெயர் கொடுத்தது. எட்டா ஜேம்ஸுக்காக வாங்கியவர் மக்கேபாவோடு வீடு திரும்பினார். கேசட்டில் வாங்கியவருக்குத் தாண்டிப் போவதும் சிரமம். பிடிக்காத பாட்டையும் கேட்டாக வேண்டும். கேட்கக் கேட்கப் பிடித்தும் போகும். 1994-ல் இரண்டாவது ஆல்பமும் வந்தது.

பிறகு நடந்ததுதான் வருத்தம். ஒரு பாட்டைத் தொடரில் சேர்க்க இரண்டு அனுமதி வேண்டும்: பாட்டை எழுதி இசையமைத்தவர் பக்கத்திலிருந்து ஒன்று, அந்தப் பதிவு யாருக்குச் சொந்தமோ அவரிடமிருந்து இன்னொன்று. அந்தக் காலத்தில் இவற்றைப் பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டுமே வாங்குவார்கள். ஒரு தொடரை முழுதாகப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கு விற்கும் நாள் வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. 2004-ல் ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ டிவிடியாக வரத் தொடங்கியபோது ஒவ்வொரு பாட்டுக்கும் மறுபடி பணம் கட்ட வேண்டியிருந்தது. பிந்தைய பருவங்களில் பல பாட்டுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெயர் தெரியாத மலிவு இசையை நிரப்பினார்கள். கிறிஸ் உதடு பிரித்து ஒரு பாட்டை அறிமுகம் செய்வான். வருவது வேறு ஏதோ. வானொலி மையமாக இருக்கும் தொடருக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. இது இந்த ஒரு தொடரின் கதை மட்டுமல்ல. வானொலி நிலையத்தையே களமாகக் கொண்ட ‘டபிள்யூ-கே-ஆர்-பி இன் சின்சினாட்டி’க்கும் இதுவே நடந்தது. அறுபதுகளின் பாட்டுகளால் நிறைந்த ‘ஒன்டர் இயர்ஸ்’ முழுத் தொடராக டிவிடிக்கு வர 2014 வரை ஆனது.

அந்த ஆண்டுகளில் 1992-ன் ஆல்பத்துக்கு அது எதிர்பாராத ஒரு வேலை வந்து சேர்ந்தது. தொடரின் பக்கவிளைவாக வந்த பொருள், தொடர் இழந்த ஒலியில் ஒரு பங்கைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடமாகிவிட்டது. சிஸ்லி எப்படி ஒலித்தது என்று ஒருவர் கேட்டால், டிவிடியைவிட அந்த ஆல்பத்தைக் கொடுப்பதே நியாயம் என்ற நிலை. 2018-ல் பிரிட்டனில் வந்த ப்ளூ-ரே தொகுப்பில் பழைய இசை திரும்பியது. 2024-ல் தொடர் பிரைம் வீடியோவுக்கு வந்தபோது மூலப் பாட்டுகளில் பெரும்பகுதி இருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு அதன் குரல் கிடைத்தது.

இதற்கிடையில் அந்த ரசனை வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தது. ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ தொடரின் கடைசிக் காலத்தில் அதை நடத்தியவர்களில் ஒருவர் டேவிட் சேஸ். அதன் இசைத் தேர்வில் பங்காற்றிய மார்ட்டின் புரூஸ்லும் அவரும் 1999-ல் எச்பிஓவின் ‘தி சோப்ரானோஸ்’ தொடரில் மறுபடி சேர்ந்தார்கள். அந்தத் தொடருக்கென்று பின்னணி இசை எழுதவே இல்லை. ஏற்கெனவே இருந்த பாட்டுகளே போதும் என்று முடிவெடுத்தார்கள். 1999-லும் 2001-லும் வந்த அதன் ஆல்பங்களைக் கேட்டால் சிஸ்லி வானொலியின் வாரிசு என்று தெரியும். இருண்ட வாரிசு.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. ஒரு பாட்டு காதில் விழுந்தால் போனை நீட்டினால் போதும். ஷஸாம் 2002-ல் பிரிட்டனில் 2580 என்ற எண்ணுக்குப் போன் செய்யும் சேவையாகத் தொடங்கியது. 2018-ல் ஆப்பிள் அதை வாங்கிவிட்டது. பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மதிப்பும் கூடியிருக்கிறது. அவர்களுக்கென்று ஓர் எம்மி விருது 2017-ல்தான் பிறந்தது. 2022 மே மாதம் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் பருவத்தில் கேட் புஷ் 1985-ல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ ஒலித்தது. அடுத்த மாதமே பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் இடம். வெளியான ஆண்டில் மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு 37 ஆண்டு கழித்து உச்சிக்குப் போனது. பாட்டி வயதுக்காரரின் பாட்டைப் பேரப்பிள்ளைகள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். இது மகிழ வேண்டிய செய்தி, எனக்கும் மகிழ்ச்சியே. பலர் அங்கிருந்து அவருடைய முழு ஆல்பத்துக்கும் போனார்கள்.

ஆனாலும் ஒன்று விடுபட்டுவிட்டது. இன்று ஒரு தொடரிலிருந்து வெளியே வருவது ஒற்றைப் பாட்டு. காட்சி பிடித்திருந்தால் அந்தப் பாட்டு மட்டும் பரவுகிறது. அதே அத்தியாயத்தில் ஒலித்த மற்றவை பின்தங்கிப் போகின்றன. தொடரின் பாட்டுகளையெல்லாம் சேர்த்துப் பட்டியல்கள் கிடைக்கின்றன, நூறு பாட்டு, இருநூறு பாட்டு என்று. அத்தியாய வரிசையில் எல்லாமே இருக்கும். எது எதற்கு அடுத்து வர வேண்டும், எதை விட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். கேட்டு முடித்ததும் செயலி தானாக அடுத்ததை ஓட்டும். எட்டா ஜேம்ஸைக் கேட்டவருக்கு அதே காலத்து இன்னொரு சோல் பாடகியை எடுத்துக் கொடுக்கும். நல்ல பாட்டாகவே இருக்கும். மக்கேபாவைக் கேட்டவருக்கு ஸ்கினர்டை அது கொடுக்காது, ஸ்கினர்டைக் கேட்டவருக்கு இடையர் பாட்டைக் கொடுக்கவே கொடுக்காது. நம்முடைய விருப்பத்தை நமக்கே திருப்பித் தரும் கருவி அது. பிடிக்குமா என்று தெரியாத பாட்டைத் தைரியமாகக் காதில் வைக்க, நம்மைக் கேட்காத ஒரு மனிதர் வேண்டும்.

வானொலியிலும் அந்த மனிதர் குறைந்துவிட்டார். 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற தேசிய உச்சவரம்பை நீக்கியது. அதற்கு முன் 40 என்று இருந்தது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. பாட்டு வரிசை தலைமை அலுவலகத்தில் முடிவாகும். மோரிஸ் ஜெயித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். கல்லூரி வானொலிகளிலும், நேயர்கள் கொடுக்கும் பணத்தில் ஓடும் சில நிலையங்களிலும் கிறிஸ் மாதிரி ஆட்கள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையாவது விடாமல் கேட்க வேண்டும்.

ராஸ்லினில் அந்தச் சன்னல் இன்றும் இருக்கிறது. கண்ணாடியில் கே-பி-எச்-ஆர் என்ற எழுத்தை அழியவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ரசிகர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். சற்றுத் தள்ளி, தொடரில் வந்த ‘தி பிரிக்’ மதுக்கடை இப்போதும் நடக்கிறது. 1889-ல் தொடங்கியது அது.

ஆல்பத்தைத் தேடுவது கடினமல்ல. பழைய சிடியாக விற்கிறது. அதிலுள்ள பெரும்பாலான பாட்டுகள் இணையத்திலும் தனித்தனியே கிடைக்கின்றன. அப்படித் திரட்டிக் கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வரிசையைக் கலைக்காதீர்கள். எதையும் தாண்டாதீர்கள், ‘தோன் கிஷோத்’ உட்பட. பன்னிரண்டையும் ஒரே மூச்சில் கேளுங்கள், முடிந்தால் உங்களோடு ரசனை ஒத்துப்போகாத ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.