சூட்டை வெளியிலிருந்து அளப்பது எப்படி?



சென்ற கோடை விடுமுறையில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெற்று வந்தேன். அங்கே நீராவி செல்லும் எவர்சில்வர் குழாய் ஒன்றின் மேலுறையைக் கழற்றி வைத்திருந்தார்கள். துப்பாக்கி போன்ற வெப்பமானியால் அதைக் குறி பார்த்தேன். 50 டிகிரி என்று காட்டிற்று. "பயமில்லை" என்றேன். என் சொல்லை நம்பி, உடன் வந்த நண்பர் குழாயைப் பற்றிக்கொண்டு மேலே ஏறப் போனார். வயதான மிஸ்திரி ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, தம் புட்டியிலிருந்த தண்ணீரைக் குழாயின்மேல் தெளித்தார். 'சொய்' என்று பொரிந்து மறைந்தது. உள்ளே ஓடியது 150 டிகிரி நீராவி!

இயற்பியலில் எம்.எஸ்ஸி. படிக்கிற நான் செய்த பிழை என்ன?

அந்தக் கருவி நேராகச் சூட்டை அளப்பதில்லை. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த அகச்சிவப்புக் கதிர்களைப் பொருளிலிருந்து வாங்கி, அவற்றின் அளவைக் கொண்டு சூட்டைக் கணக்கிடுகிறது. ஆனால் ஒரே சூட்டில் எல்லாப் பரப்பும் ஒரே அளவு கதிர் வீசுவதில்லை. ஜான் லெஸ்லி என்பவர் 1804-இல் வெளியிட்ட நூலில், வெந்நீர் நிரப்பிய கனசதுரப் பெட்டியைக் கொண்டு இதை மெய்ப்பித்தார். நீர் ஒன்றுதான், எனினும் கறுப்புப் பூசிய பக்கம் மிகுதியாகவும், பளபளப்பான பக்கம் மிகக் குறைவாகவும் கதிர் வீசின.

கறுப்புச் சாயத்தின் கதிர்வீசு திறன் 0.95 அளவு, மெருகிட்ட உலோகத்துக்கு 0.1 தேறுவதே அரிது. என் கருவியோ எதைப் பார்த்தாலும் 0.95 என்றே எண்ணிக் கணக்கிட்டது. போதாக்குறைக்கு, பளபளப்பான குழாய் கண்ணாடிபோல எதிர்ச் சுவரின் கதிர்களையும் திருப்பி அனுப்பியது. ஆக, நான் அளந்ததில் பெரும்பங்கு சுவரின் சூடுதான்!

பின் எதற்கு இக்கருவி என்பீர்கள். சிமெண்டு ஆலையின் சுழல் உலையை எண்ணிப் பாருங்கள். உள்ளே சரக்கு சுமார் 1450 டிகிரியில் வேகிறது. உருளையோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்பி கட்டி அளப்பது எளிதன்று. வெளித்தகடு துருவேறிக் கறுத்திருப்பதால், தொலைவிலிருந்து பார்க்கும் கருவி அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. உட்புறத்துச் செங்கல் ஒன்று பெயர்ந்தால் அவ்விடத்துத் தகடு மட்டும் சூடேறுவதைக் காட்டிவிடும்; தகடு வளையுமுன் உலையை நிறுத்தலாம்.

பளபளப்பான குழாய்க்கும் வழி உண்டு. வெப்பம் தாங்கும் கறுப்புச் சாயத்தைச் சிறிதளவு பூசி, காய்ந்தபின் அந்த இடத்தை மட்டும் அளக்க வேண்டும். அதுவும் அருகில் நின்று அளக்க வேண்டும். 12-க்கு 1 என்று குறித்த கருவி 12 அடி தொலைவிலிருந்து ஓர் அடி வட்டத்தையே பார்க்கும். சிவப்புப் புள்ளி தெரியும் இடத்தை மட்டுமன்று. இது பலருக்குத் தெரிவதில்லை. குழாயின்மீது வெப்ப மின்னிரட்டையை வைத்துக் கட்டுவதானால், அதை மேலே பஞ்சால் மூட வேண்டும். இல்லாவிடில் கம்பி வழியே சூடு கசிந்து அளவு குறையும்.

மறுநாள் சாயம் பூசி அளந்தேன், 147 என்றது. மிஸ்திரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நேற்றே தண்ணீர் சொல்லிவிட்டதே, பேட்டா" என்றார்.